மலைப் பிள்ளைகளை ஓட வைத்த ஆசான்கள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கோத்தகிரி வாசகி:
எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நான் 1500 மீட்டர் ஓடியவள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேடும் பள்ளமும் பிறந்தது முதல் பழக்கம் என்பதால், மைதானத்தில் விட்டால் தலைதெறிக்க ஓடுவோம். மாஸ்டர் முதலில் கற்றுத்தந்தது மெதுவாக ஓடுவதை. “பேசிக்கொண்டே ஓடுங்கள், பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள்” என்பார். ஏற்றத்தில் ஓட விடுவார். இறக்கத்தில் நடக்கத்தான் வேண்டும். முட்டி அடிவாங்குவது இறங்கும்போதுதான் என்பது அவர் கணக்கு.

காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமலே நாடித்துடிப்பை எண்ணி நோட்டில் எழுதிவர வேண்டும். வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் அன்று ஓட்டம் கிடையாது. நோட்டைப் பார்த்தபடியே கேட்பார்: “சரியாகத் தூங்கினாயா? வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” அந்த இரண்டாவது கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை.

அவரது இன்னொரு அறிவு எனக்குப் பின்னால்தான் விளங்கியது. உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. அங்கேயே வாழும்போது உடல் ஆக்சிஜனைச் சுமக்கும் ரத்தச் சிவப்பணுக்களைக் கூட்டிக்கொள்கிறது. ஆனால் போட்டிக்கு வேண்டிய முழு வேகத்தில் மலையில் நெடுநேரம் பயிற்சி செய்ய முடியாது. அதனால் வேகப் பயிற்சிக்கு எங்களைப் பஸ்ஸில் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிவிடுவார், டிக்கெட் அவர் செலவு. உயரத்தில் வாழ்ந்து தாழ்வான இடத்தில் பயிற்சி செய்வதன் பலனைக் காட்டிய புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வு 1997இல் வெளிவந்தது. மாஸ்டர் அதைப் படித்திருந்தாரா, பட்டறிவா, தெரியாது. மாநிலப் போட்டியில் கடைசிச் சுற்றில் என் கால்கள் தளராததற்குக் காரணம் அந்த மேட்டுப்பாளையத்து வெயில்தான். இன்று நானும் உடற்கல்வி ஆசிரியை. என் மாணவிகளும் நோட்டோடு வருகிறார்கள்.

குன்னூர் வாசகர்:
சகோதரி எழுதியது உண்மை. தகப்பனாக நான் ஒன்று சேர்க்கிறேன். என் மகளின் பயிற்சியாளர் ஒருநாள் விளையாட்டு விடுதி விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். “அண்ணா, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இதற்கு மேல் இவளுக்கு வேறு ஆள் வேண்டும்” என்றார். தன் கையில் வளர்ந்த பிள்ளையை, அது பதக்கம் வாங்கப்போகும் நேரத்தில் இன்னொருவரிடம் ஒப்படைக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்! என் மனைவி அழுதாள், நான் தயங்கினேன். அவர் விடவில்லை.

பி.டி. உஷாவுக்கு நம்பியார் போல, சிறுவயது முதல் ஒலிம்பிக் வரை ஒரே ஆசான் கூட வருவது அபூர்வம். விரைவோட்டக்காரியான உஷாவைத் தடை ஓட்டத்துக்குத் திருப்பியவர் அவர். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டதே 1984இல்தான். அந்த முதல் வாய்ப்பிலேயே உஷா 55.42 வினாடியில் ஓடி, நூறில் ஒரு வினாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். மறு ஆண்டு துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டபோது அதைப் பெற்ற முதல் சிலரில் நம்பியாரும் ஒருவர்.

கூடலூர் வாசகர்:
சேலம் சின்னப்பம்பட்டி கிரிக்கெட் வீரர் நடராஜனின் சட்டையில் “ஜே.பி. நட்டு” என்று இருக்குமே, அந்த ஜே.பி. அவரை வளர்த்த ஜெயப்பிரகாஷ். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். என் மகன் உயரம் தாண்டுகிறான். எங்கள் பக்கம் அதற்குப் பயிற்சி தருபவர் யாரும் இல்லை. எங்கே அழைத்துப்போகலாம்?

கோத்தகிரி வாசகி:
ஐயா, ஒரு காலை நேரத்தில் மகனை ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துக்கு அழைத்துப்போங்கள். அங்கே பயிற்சி தருபவர்களிடம் நேரில் பேசுங்கள். யார் அவனை முதல் நாளே தாண்டச் சொல்லாமல், அவன் ஓடிவருவதைப் பொறுமையாகக் கவனிக்கிறாரோ, அவரிடம் விடுங்கள்.