புதுப்பிப்பு: பழைய கூரை, ஃப்ளோரிடா வீட்டு இன்சூரன்ஸ்

எங்கள் ஷிங்கிள் (ஓடு போல அடுக்கிப் பொருத்தும் மெல்லிய தகடு) கூரைக்கு 17 வயதாகிவிட்டது, மாற்றாவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கம்பெனி கடிதம் அனுப்பியதைச் சொல்லியிருந்தேன். நல்ல செய்தி: புதுப்பித்துவிட்டார்கள், கூரையை மாற்றாமலேயே!

கைகொடுத்தது 2022-ல் வந்த மாநிலச் சட்டம். கூரைக்கு 15 வயது ஆகவில்லை என்றால் வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கவே கூடாது. 15 ஆகிவிட்டால், மாற்றச் சொல்வதற்கு முன் நம் செலவில் இன்ஸ்பெக்‌ஷன் செய்ய விடவேண்டும். லைசென்ஸ் உள்ள இன்ஸ்பெக்டரோ கான்ட்ராக்டரோ இன்னும் 5 வருடமாவது தாங்கும் என்று எழுதிக்கொடுத்தால், வயதைச் சொல்லி மறுக்க முடியாது. எங்கள் கூரையைப் பார்த்தவரும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டை அனுப்பும்போது சட்டப்பிரிவு 627.7011-ஐயும் குறிப்பிட்டேன்.

வீட்டை வாங்கியவர்கள் கவனிக்க: வயது வீடு கட்டிய வருடத்திலிருந்து அல்ல, கூரை கடைசியாக முழுவதும் மாற்றப்பட்ட தேதியிலிருந்துதான். கூரை மாற்ற வாங்கிய பழைய பெர்மிட்டைத் தேடி எடுங்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு வயதுக்கு மட்டும்தான். ஒழுகல், உடைந்த ஷிங்கிள் இருந்தால் மறுக்கலாம். பிரீமியமும் ஏறலாம். புதிய பாலிசியில் கூரைக்குத் தனி டிடக்டிபிள் (சேதம் வந்தால் முதலில் நம் கையிலிருந்து போடவேண்டிய தொகை) சேர்த்திருக்கிறார்களா என்பதையும் கையெழுத்துக்கு முன் பாருங்கள்.