கஸ்தூரி எருது மாடா, ஆடா?

பொருநைக்கரை, அம்பாசமுத்திரம்:
வடதுருவக் குளிர்நிலத்தில் வாழும் கஸ்தூரி எருது (musk ox) ஒன்றைப் பேத்திக்குக் களிமண்ணில் செய்து கொடுக்க உட்கார்ந்தேன். எருமையின் உடலைப் பிடித்து வைத்த பிறகு படத்தைப் பார்த்தால், தரையைத் தொடும் மயிரும், நெற்றியில் ஒட்டிக் கீழே வளைந்து நுனி மேலேறும் கொம்பும் ஆட்டை நினைவூட்டுகின்றன. இது எந்த இனம்? யாரும் வளர்க்கிறார்களா?

கிடைக்காரர் மகன்:
அண்ணாச்சி, உங்கள் கண் பொய் சொல்லவில்லை. அது ஆட்டு வகைதான். களக்காட்டு மலையின் வரையாட்டுக்குத் தூரத்து உறவு. நம் ஊர்க் கிடையில் நாய் புகுந்தால் ஆடுகள் சிதறும். இவையோ ஓநாயைக் கண்டால் கன்றுகளை நடுவில் விட்டு, கொம்புகளை வெளிப்புறம் காட்டி வட்டமாக நின்றுவிடும். ஓநாயிடம் பலித்த அந்த உத்தி துப்பாக்கியிடம் பலிக்கவில்லை. அலாஸ்காவில் அடியோடு அழிந்துபோன இந்த இனம், 1930இல் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட 34 விலங்குகளின் வழியாகவே, அலாஸ்காவைச் சேர்ந்த நுனிவாக் தீவில் 1935, 1936ஆம் ஆண்டுகளில் விடப்பட்டு மீண்டும் பெருகியது.

மலையடிவாரம், பாபநாசம்:
அலாஸ்காவின் பால்மர் ஊரில் பண்ணையே இருக்கிறது. செம்மறிக்குச் செய்வதுபோல் கத்தரிப்பதில்லை. வசந்த காலத்தில் தானாக உதிரும் அடிமயிரைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். 'கிவியட்' எனப்படும் அந்த மயிர் செம்மறி மயிரைவிட மென்மையானது, கதகதப்பும் மிகுந்தது. அதைக் கொண்டு அங்குள்ள பழங்குடிப் பெண்கள் கையால் பின்னும் கழுத்துத் துணியின் விலையைக் கேட்டால், பத்தமடைப் பட்டுப்பாய் மலிவாகத் தோன்றும். கனடாவின் வடகோடிப் பழங்குடிகளான இனுயிட் சிற்பிகள் இவ்விலங்கைக் கல்லில் செதுக்குவதையும் தேடிப் பாருங்கள். மயிரின் கனத்தை அவர்கள் காட்டும் விதம் உங்கள் களிமண்ணுக்கு உதவும்.

பொருநைக்கரை:
நன்றி. கழுத்தைச் சுருக்கித் தோளில் மேடு வைத்துவிட்டேன். இனுயிட் மொழியில் அதன் பெயருக்குத் 'தாடிக்காரன்' என்று பொருளாம். ஆகவே தேங்காய் நாரில் தாடியும் ஒட்டியாயிற்று.