புதுப்பிப்பு: புளோரன்ஸ் கவுனுக்கு ஜிப் வேண்டாம், நாடாவே போதும்

16ஆம் நூற்றாண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரப் பாணிக் கவுன் தைக்கிறேன், முதுகில் ஜிப் வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நாடாதான் என்று முடிவாகிவிட்டது.

காரணம், புளோரன்ஸ் கோமகள் டொலேடோவின் எலியனோரா. 1562இல் இறந்த அவருக்கு அணிவித்து அடக்கம் செய்த சாட்டின் உடை இன்றும் புளோரன்ஸின் பிட்டி அரண்மனையில் பாதுகாக்கப்படுகிறது. அதில் நடுமுதுகில் திறப்பு இல்லை. முதுகின் இரு பக்கமும் நாடா கோத்து இறுக்கியிருக்கிறார்கள். என்ன அருமையான யோசனை! உடல் இளைத்தாலும் பெருத்தாலும் தையலைப் பிரிக்க வேண்டியதில்லை. என் தங்கைக்கும் அதே கவுன் கச்சிதமாகப் பொருந்துகிறது.

துளைகளுக்கு உலோக வளையம் அடிக்கவில்லை. தடித்த ஊசியால் இழைகளை வெட்டாமல் விலக்கி, ஓரத்தை நூலால் நெருக்கமாகச் சுற்றித் தைத்தேன். இழை அறுபடாததால் இழுத்துக் கட்டினாலும் துணி கிழிவதில்லை. எதிரெதிர்த் துளைகள் சற்று ஏறி இறங்கி இருக்கட்டும். ஒற்றை நாடா சுற்றிச் சுற்றி ஏறும்போது அப்போதுதான் விளிம்புகள் சமமாக நிற்கும்.

கைகள் தனி, தோளில் நாடாவால் கட்டிக்கொள்ளலாம், வெயிலில் கழற்றிவிடலாம். பாவாடைக் கொசுவம் பாக்கி. வெல்வெட் கரை வைத்து, கனம் பார்த்த பிறகே இடுப்பில் பொருத்தப்போகிறேன்.