எண்ணூர்க் கழிமுகத்தில் பவளக்காலி எந்த மாதங்களில் இருக்கும்?

திருவொற்றியூர்வாசி:
வணக்கம். ஞாயிறு காலை எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றுத்திட்டில், புறாவைவிடச் சற்றுச் சிறிய, செந்நிறக் கால்களுடைய பறவைகள் சில சேற்றைக் கொத்தி இரை தேடுவதைக் கண்டேன். அவை பவளக்காலிகளா? ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவையா?

கழிமுக நோக்கர்:
பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெண்பட்டை தெரிந்திருந்தால் ஐயமே இல்லை. அதன் இனத்தை ஒத்த பச்சைக்காலி என்னும் பறவைக்கு அப்பட்டை கிடையாது. லடாக், திபெத், நடு ஆசியா ஆகிய பகுதிகளின் சதுப்புப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆகஸ்ட் தொடங்கி நம் கடற்கரைக்கு வலசை வரும் இப்பறவைகளில் பெரும்பாலானவை ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும். இனப்பெருக்க வயதை எட்டாத சில கோடையிலும் தங்கிவிடுவதுண்டு என்பதால், ஜூன் மாதத்தில் ஒன்றைக் கண்டால் உங்கள் குறிப்பேட்டின்மீது சந்தேகம் கொள்ள வேண்டாம்.

காட்டுக்குப்பம் அன்பர்:
மாதத்தைவிட நீர்மட்டத்தைப் பாருங்கள் என்பேன். கடல்நீர் வற்றும் வேளையில்தான் நண்டும் புழுவும் நிறைந்த சேறு வெளிப்படுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கொசஸ்தலை ஆறு பெருகிச் சேறு மூழ்கினால், ஆழம் குறைந்த நீர் எங்கே இருக்கிறதோ அங்கே, உப்பளங்களிலும் பழவேற்காட்டு ஏரியோரத்திலும் தேட வேண்டும். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இறுகிய இடங்களில் அலகு இறங்குவதற்கு வழியேது?

திருவொற்றியூர்வாசி:
வெண்பட்டையைக் கண்டேன், நான் நெருங்கியதும் முதலில் குரலெழுப்பிப் பறந்ததும் அவைதாம். நன்றி.