தடுப்பணையின் அடியில் நின்ற அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

கொருக்குப்பேட்டையிலிருந்து (தொடங்கியவர்):

சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சென்னைக்கு வடக்கே ஓடும் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் போகிறது என்று கேள்விப்பட்டு, நானும் என் தம்பியும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பைக்கில் மணலி புதுநகர் வழியாகச் சீமாவரம் பக்கத்துத் தடுப்பணைக்குப் போனோம். ஏற்கெனவே அங்கே திருவிழாக் கூட்டம். சுவருக்கு மேலே கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. விழுகிற இடத்தில் வெள்ளை நுரை. அதிலிருந்து சற்றுத் தள்ளிப் பெண்கள் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி முழங்கால் ஆழத்தில் நின்றார்கள். மிளகாய் பஜ்ஜி போடுகிறவர் அடுப்போடு வந்து உட்கார்ந்திருந்தார் என்றால் நிலவரத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சுவரின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் மகனின் நீல ரப்பர் செருப்பு ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. எப்படியும் ஆற்றோடு மிதந்து வரும், கொஞ்சம் தள்ளி நின்றால் பிடித்துவிடலாம் என்று நான் இறங்கி நின்றேன். செருப்பு வரவில்லை. நுரைக்குள் அமுங்கி, நாலைந்து அடி தள்ளி மேலே எழுந்து, எழுந்த வேகத்தில் திரும்பிச் சுவரை நோக்கியே போனது. அங்கே விழுகிற தண்ணீர் அதை மறுபடியும் அமுக்கியது. மறுபடியும் எழுந்தது, திரும்பியது. ஒரு தென்னை மட்டையும், மூடி கழலாத தண்ணீர் பாட்டில் ஒன்றும் அதே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். நாங்கள் புளிச்சோறு சாப்பிட்டுக் கைகழுவி முடித்த பிறகும் மூன்றும் அதே இடத்தில் இருந்தன. "அப்பா, தண்ணி ஏன் பின்னாடி போவுது?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் செருப்பை எடுக்க நான் இன்னும் இரண்டு எட்டு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் புரிந்து, வயிற்றைக் கலக்கியது.

கட்டுமானத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மாமாவிடம் பிறகு கேட்டேன். சுவரின் மேலிருந்து விழுகிற நீர் வேகத்தோடு அடித்தளத்தில் மோதி, தரையை ஒட்டி முன்னால் பாய்கிறது. அணைக்குக் கீழே ஆற்றில் ஏற்கெனவே தண்ணீர் தேங்கி மட்டம் ஏறியிருந்தால், அந்தப் பாய்ச்சலின் மேல்பகுதி சுருண்டு, சுவரை நோக்கித் திரும்புகிறது. உருளை போல ஓயாமல் சுழலும் அந்த நீருக்குள் விழுந்த பொருள் எதுவாக இருந்தாலும் எளிதில் வெளியேறாது. நுரையில் பாதி காற்று என்பதால், நல்ல நீச்சல்காரரின் உடம்பைக்கூட அது சரியாக மிதக்கவிடாது. அவர் சொன்னதில் என்னை மிகவும் அதிரவைத்தது வேறொன்று. கீழ்மட்டம் ஏற ஏற, தண்ணீர் விழும் உயரம் குறைந்து, பார்வைக்கு அணை சாதுவாகிவிடும். சுழல் வலுப்பதோ பெரும்பாலும் அப்போதுதான். அருவி போல உயரத்திலிருந்து கொட்டும்போது பயந்து ஒதுங்கி நிற்கிற நாம், இடுப்பளவு உயரத்திலிருந்து வழியும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிட்டே போகிறோம்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள். பயந்த கதைகள் மட்டும் வேண்டும் என்பதில்லை. நல்லபடியாகப் பொழுது போக்கியதையும் சொல்லுங்கள், ஏனென்றால் போகாதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வேறு எங்கே அழைத்துப்போவது என்று எனக்குத் தெரியவில்லை.

வடபெரும்பாக்கத்திலிருந்து:

நண்பருக்கு வணக்கம். எங்கள் வீடு புழல் ஏரியின் உபரிநீர்க் கால்வாய் போகிற வழியில் இருக்கிறது. ஏரியின் முழு உயரமான 21.20 அடியை நீர்மட்டம் நெருங்கும்போது, நாரவாரிக்குப்பம், கிராண்ட்லைன், சாமியார்மடம், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் என்று செய்தித்தாளில் ஒரு பட்டியல் வரும், தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பாக இருக்கும்படி. எங்கள் தெருப் பையன்களுக்கு அது கல்யாணப் பத்திரிகை மாதிரி. பட்டியல் வந்த அன்றே கொசுவலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நானும் அந்தப் பையன்களில் ஒருவனாக இருந்தவன் என்பதால் அதிகம் திட்ட எனக்கு உரிமை இல்லை.

ஒரு முறை வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். சுள்ளென்று வெயில், மேகமே இல்லை, ஜிலேபிக் கெண்டை நன்றாக விழுந்துகொண்டிருந்தது. நான் மீன் பை வைத்திருந்த கல்லைத் தண்ணீர் தொட்டபோது, பை நழுவிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த தூண்டில் இழுப்பதற்குள் கல்லையே காணோம். கொசஸ்தலை ஆற்றுக்குத் தண்ணீர் நம் தலைக்கு மேலே பெய்யும் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கமும், ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணைப் பக்கமும் பெய்தது பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வந்து, அதன் முழு உயரமான 35 அடியை எட்டுகிற நேரத்தில் ஷட்டர் திறக்கப்பட்டு, தாமரைப்பாக்கம் தாண்டி நம்மிடம் வருகிறது. எண்ணூரில் வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும். அன்று முதல், போய்ச் சேர்ந்தவுடன் கரையோரத்தில் ஒரு குச்சியை நட்டு, தண்ணீர் மட்டத்தில் ரப்பர் பேண்டு கட்டிவிடுவது என் வழக்கம். ரப்பர் பேண்டு மூழ்கினால் மீனைப் பற்றி யோசிக்காமல் மேலேறிவிட வேண்டும். பூண்டியில் எத்தனை கனஅடி திறந்திருக்கிறார்கள் என்று காலையில் செய்தியைப் பார்க்காமல் கிளம்புவதும் இல்லை.

கொளத்தூரிலிருந்து:

சகோதரர் கேட்ட கேள்விக்கு என்னால் முடிந்த பதில் இது. நாங்கள் தண்ணீரில் இறங்குவதே இல்லை. ஆனால் விடுமுறைக் காலைகளில் பாதியை ரெட்டேரிக் கரையில்தான் கழிக்கிறோம். ஆறு மணிக்குப் போனால் நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்துவதைப் பார்க்கலாம்; முக்குளிப்பான் ஒன்று மூழ்கினால் எங்கே எழும் என்று என் பெண்கள் இருவரும் பந்தயம் கட்டுவார்கள்; தாழைக்கோழியும் நாமக்கோழியும் ஓரத்திலேயே நடமாடும். பழைய பைனாகுலர் ஒன்றும் பிளாஸ்கில் பாலும் போதும். கூட்டம் சேருவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ஆகாயத்தாமரை அடர்ந்த இடம் சின்னக் குழந்தையின் கண்ணுக்குப் புல்தரையாகவே தெரிகிறது. என் இளைய மகள் நான்கு வயதில், உருண்டு போன பந்தை எடுக்க அதன் மேல் கால் வைக்கப் போனாள். கொக்கு ஒன்று அதன் மேல் நடந்ததைப் பார்த்துத்தான் தானும் நடக்கலாம் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னாள். கவுனைப் பிடித்து இழுத்த என் கை அன்று முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மணலி புதுநகரிலிருந்து:

நான் பார்த்ததை எழுதத் தயங்கினேன். செருப்புக் கதையைப் படித்த பிறகு எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, நீங்கள் சொல்லும் அதே மாதிரியான சுழலில் ஒரு கல்லூரிப் பையன் மாட்டிக்கொண்டான். அவன் நண்பன் காப்பாற்றக் குதிக்கப் போனபோது, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அவன் சட்டையைப் பிடித்து, "நீயும் போனா ரெண்டு பேரைத் தூக்கணும்டா" என்று கரையில் உட்காரவைத்துவிட்டார். பஜ்ஜிக் கடைக்காரரிடம் இருந்த இருபது லிட்டர் காலித் தண்ணீர் கேனை மூடி இறுக்கி, மாட்டுக் கயிற்றில் கட்டி வீசினார்கள். மூன்றாவது வீச்சில் பையன் அதைக் கட்டிப்பிடித்தான். நான்கு பேர் கரையில் நின்றபடியே பக்கவாட்டில் இழுத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. மூச்சில்லாமல் கிடந்தவனைக் குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவதற்கு ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். தண்ணீரை வெளியே எடுத்தால் பிழைத்துவிடுவான் என்று நாம் சினிமாவில் பார்த்துப் பழகியிருக்கிறோம். நல்ல வேளையாக, குடும்பத்தோடு வந்திருந்த செவிலியர் ஒருவர் எல்லோரையும் விலக்கிவிட்டு, மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பொத்தி வாயில் முதலில் மூச்சை ஊதினார். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்துவதும் இரண்டு முறை ஊதுவதுமாகத் தொடர்ந்து செய்தார். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும் என்றும், மூழ்கியவனுக்கு முதல் தேவை காற்று என்றும் இடையிடையே சொல்லிக்கொண்டே இருந்தார். பையன் இருமி எழுந்து, "ஒண்ணும் இல்லை, வீட்டுக்குப் போறேன்" என்றான். அவர் விடாமல் 108 வண்டியில் ஏற்றினார். அன்று இரவு மருத்துவமனையில் அவனுக்கு மூச்சுத் திணறல் அதிகமாகி, இரண்டு நாள் பிராணவாயு வைத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும்?

கொருக்குப்பேட்டையிலிருந்து:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ரெட்டேரி சகோதரி சொன்னபடி இரண்டு வாரமாகக் காலையில் போய்வருகிறோம். என் மகன் முக்குளிப்பான் பந்தயத்தில் எனக்கு நாற்பது ரூபாய் கடன் வைத்திருக்கிறான். குச்சியும் ரப்பர் பேண்டும், நீளமான நைலான் கயிறும் பைக்குப் பெட்டியில் ஏறிவிட்டன.

சித்திரை மாதத்தில், ஆறு வற்றிய பிறகு, அந்தத் தடுப்பணைக்கு ஒரு முறை தனியாகப் போய்ப் பார்த்தேன். நான் செருப்புக்காக இறங்கி நின்றது அடித்தளத்து சிமென்ட் தரையின் விளிம்பு. சுவருக்கும் அதற்கும் நடுவில், நீரின் வேகத்தை உடைப்பதற்காக முழங்கால் உயரச் சிமென்ட் கட்டைகள் இரண்டு வரிசையாக இருந்தன. ஒன்றிரண்டில் சிமென்ட் பெயர்ந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்புக்கு அந்தப் பக்கம், அதாவது அன்று என் முதுகுக்குப் பின்னால், தண்ணீர் மண்ணை அரித்துப் பெரிய பள்ளம் ஆக்கியிருந்தது. அதற்குள் இறங்கி நின்று கையை உயர்த்திப் பார்த்தேன்; நான் நின்றிருந்த தரையின் விளிம்பு என் விரல் நுனிக்கு எட்டவில்லை.