கறுப்புக் கரடிக்கு .300 மக்னம் வேண்டுமா, கையிலிருக்கும் .308 போதுமா?

கேள்வி: மாங்குளத்தான், ஸ்காபரோ

வணக்கம். வருகிற மே மாதம் வட ஒன்ராறியோவுக்குக் கறுப்புக் கரடி வேட்டைக்குப் போகிறேன். கரடிக்கு இதுதான் முதல் தடவை என்பதால் வழிகாட்டி ஒருவரைப் பிடித்திருக்கிறேன். துவக்கு அனுமதிப்பத்திரம், வேட்டை அட்டை, கரடி லைசென்ஸ் எல்லாம் எடுத்தாயிற்று. இரை வைத்த இடத்திலிருந்து 60 மீற்றரில், மரப் பரணில் இருத்துவார்களாம்.

என்னிடம் .308 வின்செஸ்டர் ரவை சுடும் துவக்கு ஒன்று இருக்கிறது. நாலு வருடமாக மானுக்கு அதுதான். "கரடிக்கு அது காணாது" என்று கூட்டாளி ஒருவர் தன்னுடைய, அதைவிடப் பலம் கூடிய .300 வின்செஸ்டர் மக்னத்தை இரவல் தந்தார். போன சனிக்கிழமை அதில் 100 மீற்றரில் 20 ரவை சுட்டுப் பார்த்தேன். முதல் மூன்றும் கிட்டக் கிட்ட விழுந்தன. பிறகு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறிவிட்டன, பாதிக்கு மேல் கீழே. ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி) பிழையா, ரவை பிழையா? அல்லது இன்னும் பெரிய .338 ஒன்று வாங்கிவிடவா?

நான் வன்னியில் வளர்ந்தவன். காட்டுக்குத் தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் முகம் கிழிபட்டு வந்த ஒருவரைச் சிறு வயதில் பார்த்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

பனிக்காடு:

.338 வாங்குங்கள். அலாஸ்காவில் வழிகாட்டிகள் .338, .375 என்றுதான் சொல்லுவார்கள். பெரிதாக இருந்தால் நட்டமில்லை.

ஏரிக்கரை, தண்டர் பே:

பனிக்காடு சொல்வது அலாஸ்காக் கரையோரத்துப் பழுப்புக் கரடிக்குச் சரி. அது 400 கிலோவையும் தாண்டும். தம்பி போவது கறுப்புக் கரடிக்கு, அதுவும் 60 மீற்றரில். இதற்கு .308, .30-06, .270 எல்லாமே தாராளம். 1873 இல் வந்த .45-70 ஐ இன்றும் பரணுக்குக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

தம்பி, ஸ்கோப்பில் கை வைக்காதீர்கள். முதல் மூன்றும் சேர்ந்து விழுந்தன என்றால் துவக்கில் குறை இருப்பது அபூர்வம். சுடும்போது துவக்கு தோளில் இடிக்கும் அந்த உதை வரப்போகிறது என்று உங்கள் உடம்பு முன்கூட்டியே சுருங்குகிறது. ஒரே எடையுள்ள துவக்கில் .300 மக்னத்தின் உதை .308 ஐ விடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

சோதித்துப் பாருங்கள். சுடும் இடத்தில் ஒரு கூட்டாளியைப் பக்கத்தில் வைத்து, உங்களுக்குத் தெரியாமல் சில தடவை உண்மையான ரவையும் சில தடவை வெடிக்காத போலி ரவையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். போலி ரவை விழும்போது குழல் முனை அசையாமல் நின்றால் குறை துவக்கில். முனை கீழே குத்தினால் குறை உங்களில். வெட்கப்பட ஒன்றுமில்லை, எனக்கும் நடந்தது.

துவக்கை விடச் சன்னம், அதாவது ரவையிலிருந்து பறக்கும் குண்டு, முக்கியம். கரடிக்குத் தடித்த கொழுப்பு, நீண்ட மயிர். காயம் அடைத்துக்கொள்ளும், இரத்தத்தை மயிர் உறிஞ்சிவிடும், நிலத்தில் தடம் விழாது. அதனால் சன்னம் மறுபக்கத்தால் வெளியேற வேண்டும். நொஸ்லர் பார்ட்டிஷன் மாதிரி நடுவில் தடுப்புள்ள சன்னம் நல்லது: முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் உள்ளே போகும். எடையில் 165 அல்லது 180 கிரெய்ன் எடுங்கள். ரவையை மாற்றினால் படும் இடமும் மாறும், ஆகவே ஸ்கோப்பைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். 100 மீற்றருக்குச் சரிசெய்தால் 60 இலும் ஏறக்குறைய அதே இடத்தில் படும்.

மாங்குளத்தான்:

அண்ணை, நேற்றுச் செய்து பார்த்தேன். மூன்றாவது தடவை போலி ரவை. "டிக்" என்ற சத்தத்தோடு குழல் முனை இரண்டு விரல் அளவு கீழே குத்தியது, கண்ணும் மூடியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளியே "மக்னத்தை விடு" என்றார். பிறகு .308 இல் போலி ரவையும் உண்மை ரவையும் கலந்து சுட்டேன். முதலில் கொஞ்சம் ஆடியது, பத்தாவது தடவைக்குப் பிறகு முனை அசையவில்லை.

சட்பரி அக்கா:

நல்லது தம்பி. காதுக்குள் அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டையும் போட்டுப் பழகுங்கள். பாதிப் பயம் சத்தத்தால்தான். வீட்டில் வெறும் துவக்கில் விசை இழுத்துப் பழகுவதும் உதவும், ரவை வேறு அறையில் இருக்கட்டும்.

பரணில் அவசரப்படாதீர்கள். கரடி பக்கவாட்டில் நின்று, உங்கள் பக்க முன்கால் முன்னே போகும்வரை பொறுத்திருங்கள். தோளுக்குச் சற்றுப் பின்னால் குறி வையுங்கள். தலைக்குச் சுடவே வேண்டாம். குட்டியோடு வரும் தாயை வசந்த காலத்தில் சுடுவது குற்றம். குட்டிகள் பின்தங்கி வரும், ஆகவே தனியாக வந்தது போலத் தெரிந்தாலும் கொஞ்ச நேரம் பாருங்கள். பரணுக்கு நடக்கும்போது செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் கட்டாயம்.

இறைச்சியைக் காட்டில் விட்டுவிட்டு வரவும் கூடாது. குழம்பு வைத்தால் நன்றாக வேக வையுங்கள், உள்ளே 74 பாகை செல்சியஸ் வர வேண்டும். வடக்கில் கரடிக்கு வரும் டிரிக்கினெல்லா புழு உறைபெட்டியில் வைத்தாலும் சாகாது. நான் வெப்பமானி குத்திப் பார்த்துத்தான் இறக்குவேன்.

மாங்குளத்தான், ஜூன் மாதம்:

அக்கா, அண்ணை, போய் வந்தேன். இரண்டாம் நாள் மாலை ஒரு கரடி தனியாக வந்தது. அக்கா சொன்னது நினைவில் இருந்ததால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடம் கழித்து இரண்டு குட்டிகள் பற்றைக்குள்ளிருந்து வந்தன. துவக்கை மடியில் வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் பெரிய ஆண் ஒன்று. வழிகாட்டி பக்கத்தில் இருந்து "பொறு, பொறு" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். கால் முன்னே போனது, சுட்டேன். உதையே தெரியவில்லை. முப்பது மீற்றரில் கிடந்தது. 180 கிரெய்ன் சன்னம் மறுபக்கத்தால் வெளியேறியிருந்தது. இலைகளில் இரத்தத் தடம் இருட்டிலும் டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்தது.

மக்னத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, கூட்டாளியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.