வானொலியில் உங்கள் ஊர் பற்றி ஏதாவது வருகிறதா?

வேதை_மகன்:
அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. டிரான்சிஸ்டரை மாட்டுக்கொட்டகைத் தூணில் மாட்டிவைத்து, காலை 7.15 செய்தி ஆரம்பித்தால்தான் பால் கறக்கவே உட்காருவார். என் குறை என்னவென்றால், ரேடியோவில் எங்கள் ஊர் வேதாரண்யம் வருவதே இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னையெல்லாம் சாய்ந்து, நாள்கணக்கில் கரண்டு இல்லை, செல்போன் செத்துக் கிடந்தது, கடையில் பேட்டரி கட்டைக்கு அடிதடி. பேசியது ரேடியோ ஒன்றுதான். அதுவும் அமைச்சர் எங்கே பார்வையிட்டார் என்று சொன்னதே தவிர, எங்கள் பக்கம் தண்ணீர் லாரி எப்போது வரும், எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு போடுகிறார்கள் என்று ஒரு வரி இல்லை. (எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், சொந்தக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார்.) உங்கள் பக்கம் எப்படி?

பழைய_மர்ஃபி:
தம்பி, டெல்டாக்காரர் நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? 1960-களில் ஆடுதுறை 27 நெல்லுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ‘ரேடியோ நெல்’ என்றுதான் பெயர். வானொலியில் கேட்டு விதைத்ததால் வந்த பெயர் அது. அப்போது வானொலிக்காரர்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே வருவார்கள். எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்தபோது பெரியப்பா மைக்கைப் பார்த்த பயத்தில் வணக்கத்தையே நாலு தடவை சொல்லிவிட்டு நின்றார், அதையும் போட்டார்கள்! இப்போது வயலுக்கு யாராவது வருகிறார்களா, அதைச் சொல்லுங்கள்.

பாம்பன்_காற்று:
எங்களுக்கு ‘கடல் ஓசை 90.4’ இருக்கிறது, 2016-இல் வந்த சமுதாய வானொலி, அதாவது ஒரு பகுதி மக்களுக்காகவே நடக்கும் சின்ன நிலையம். காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்று எங்கள் பேச்சிலேயே சொல்வார்கள். ஆனால் சமுதாய வானொலிக்குக் கொடுக்கும் ஒலிபரப்புச் சக்தி கொஞ்சம்தான், சில கிலோமீட்டர் தாண்டினால் இரைச்சல். அப்புறம் இன்னொன்று, சமுதாய வானொலியோ தனியார் எஃப்எம்மோ சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க முடியாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். வானிலை, குடிநீர், கரண்டு மாதிரி அறிவிப்புகளுக்குத் தடையில்லை. ஆக வேதாரண்யத்துச் செய்தியை ரேடியோவில் செய்தியாகச் சொல்ல முடிந்த ஒரே ஆள் ஆகாசவாணி. அவர்களும் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

நாஞ்சில்காரி:
இந்தக் குறையைத் தீர்க்கத்தானே ஆகாசவாணியில் உள்ளூர் நிலையம் என்றே ஒரு வகை ஆரம்பித்தார்கள்? நாட்டிலேயே முதலாவது எங்கள் நாகர்கோவிலில்தான், 1984-இல். ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிலையம் என்ற யோசனை இன்றைக்கும் சரிதான் என்பேன். ஆள் வேண்டும், ஊர் ஊராகப் போக வண்டி வேண்டும். அது இல்லாமல் பாட்டுப் போட்டே பொழுதை ஓட்டினால், அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே.

வேதை_மகன்:
எல்லாவற்றையும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ரேடியோ நெல் என்றதும் சிரித்துவிட்டார், அவர் அப்பா அதைத்தான் விதைத்தாராம். நாளைக்கு ஐந்து போஸ்ட் கார்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். புயல் வந்தால் தண்ணீர் லாரி நேரத்தை ஊர்ப் பெயரோடு வாசிக்கச் சொல்லி எழுதப்போகிறாராம்.